வெட்ட வெட்ட வாழும் காடு: பிராட்ஃபீல்ட் காட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்குத் தென்கிழக்கே ஆறேழு மைலில் இருக்கிறது பிராட்ஃபீல்ட் காடு. பரப்பு சுமார் 80 ஹெக்டேர்தான். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் மறுபுறம் வந்துவிடலாம். இந்தச் சின்னக் காட்டை 1252 முதல் இன்றுவரை விடாமல் வெட்டிவருகிறார்கள். அது பதிவேட்டில் ஏறிய ஆண்டு மட்டுமே, வெட்டு அதற்கும் முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை நூற்றாண்டுகள் கோடரி விழுந்த இந்த இடத்தில் 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல நிலைத்து நிற்பதே அந்த வெட்டினால்தான்.

கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புகிறதே, அதே வேலையை இங்கே ஹேசல், ஆஷ், ஆல்டர் போன்ற மரங்கள் செய்கின்றன. தரையை ஒட்டி வெட்டினால் தூரிலிருந்து பத்து, பதினைந்து கழிகள் நேராக எழும்பும். சில ஆண்டு கழித்து அவற்றை வெட்டினால் மறுபடியும் எழும்பும். இந்த முறைக்குக் காப்பிஸ் என்று பெயர். இது புதுப்பழக்கமல்ல. சாமர்செட் சதுப்பில் கண்டெடுத்த ‘ஸ்வீட் டிராக்’ என்ற மரப்பாதை கிமு 3807-ஐ ஒட்டிப் போடப்பட்டது. அதிலேயே இப்படி வளர்த்த கழிகள் இருக்கின்றன.

மே மாதம் புளூபெல் பூவோடு நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புபவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. காட்டைப் பார்த்து அதன் வயதையும் வரலாற்றையும் தாமே கண்டுபிடிக்க விரும்புபவர்களுக்காக எழுதுகிறேன். பிராட்ஃபீல்டை மாதிரியாக வைத்துச் சொன்னாலும், கேம்பிரிட்ஜ்ஷையரின் ஹேலி காடோ, கென்ட்டின் பிளீன் காடோ, இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

படி 1: வரைபடத்தில் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் 1600-க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருக்கும் இடத்தைத்தான் ‘பழங்காடு’ என்று அரசுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதற்கு முன் மரம் நட்டுக் காடு வளர்ப்பது அரிது. ஆகவே 1600-ல் இருந்த காடு பெரும்பாலும் அதற்கும் வெகு காலம் முன்பே இருந்திருக்கும் என்பது கணக்கு. பிரிட்டனின் மொத்த நிலத்தில் இப்படிப்பட்ட காடு 2.5 சதவீதம் அளவுக்கே மிஞ்சியிருக்கிறது.

‘மேஜிக்’ என்ற அரசு இணைய வரைபடத்தில் பழங்காடுகளின் பட்டியல் ஓர் அடுக்காகவே கிடைக்கிறது. அதோடு நின்றுவிட வேண்டாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம், அதே இடத்தை இன்றைய வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழங்காட்டின் விளிம்பு கோணல்மாணலாக ஓடும். நட்டு வளர்த்த காட்டின் விளிம்பில் அளவுகோல் வைத்த நேர்கோடு தெரியும். பழங்காடு ஊருக்கு நடுவே இருக்காது. ஏர் ஓட்டச் சிரமமான களிமண் மேட்டில், இரண்டு ஊர்களின் எல்லை சந்திக்கும் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். மேடு என்றதும் நல்ல வடிகால் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சஃபோக்கின் மேடுகள் தட்டையானவை, பனியாறு கொண்டுவந்து போட்ட களிமண் தண்ணீரை விடாது.

பிராட்ஃபீல்ட் காட்டுக்குள் இரண்டு காடுகள் உண்டு: ஃபெல்ஷம்ஹால் காடு, மங்க்ஸ் பார்க் காடு. பின்னதன் பெயரே சொந்தக்காரர்களைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டுமே பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகளின் சொத்து. மடத்தை எட்டாம் ஹென்றி 1539-ல் கலைத்தார். சொந்தக்காரர் மாறினார், வெட்டு முறை மாறவில்லை. பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒப்பிட்டால் மங்க்ஸ் பார்க் பக்கம் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருப்பது தெரியும். 1960-களின் கடைசியில் அதை வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். துறவிகளும் அரசரும் இரண்டு உலகப் போர்களும் செய்யாததைப் புல்டோசர் சில பருவங்களில் செய்தது. உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்றதால் மிச்சத்தை 1970-ல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கியது. இப்போது சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பராமரிக்கிறது. தேசிய இயற்கைக் காப்பிடம் என்ற தகுதியும் உண்டு.

படி 2: எப்போது போவது

ஒரே முறைதான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம். இரண்டு முறை என்றால் பிப்ரவரியிலும் ஒருநாள் போங்கள், அதை வற்புறுத்தியே சொல்வேன். இலையில்லாத காலத்தில்தான் கரை, பள்ளம், தூர் எல்லாம் கண்ணுக்குப் படும். வெட்டும் வேலையும் அப்போதுதான் நடக்கும். ஏப்ரலில் போனால் பூவும் பறவையும். ஜூலை, ஆகஸ்ட்டில் எங்கும் ஒரே பச்சை, கொசுத் தொல்லை வேறு. ஒன்றும் பிடிபடாது.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். களிமண் சேறு சாதாரண ஷூவைக் கழற்றி வைத்துக்கொள்ளும். வசந்தத்திலும் கோடையிலும் உண்ணி கடிக்கும், அதனால் லைம் நோய் வர வாய்ப்புண்டு. முழுக்கால் உடை அணிந்து, காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

படி 3: உள்ளே போகுமுன் விளிம்பில் நடங்கள்

எல்லோரும் வாசலிலிருந்து நேரே நடுக்காட்டுக்குப் போகிறார்கள். ஆனால் காட்டின் பத்திரம் எழுதியிருப்பது அதன் எல்லையில். இடைக்காலக் காட்டைச் சுற்றி மண்கரை போட்டு, கரைக்கு வெளியே பள்ளம் தோண்டியிருப்பார்கள். பள்ளம் வயல் பக்கம், கரை காட்டுப் பக்கம் என்ற இந்த வரிசை முக்கியம். ஆடுமாடு உள்ளே வராமல் தடுக்கப் போட்ட அமைப்பு என்பதால் அப்படி. அந்தக் காலத்தில் கரைமேல் வேலியும் இருந்திருக்கும். வெட்டிய தூரில் வரும் இளந்துளிர் மாட்டுக்கு விருந்து. ஒரு மந்தை இரண்டு வாரம் மேய்ந்தால் வெட்டிய அந்தப் பகுதியின் அடுத்த பத்தாண்டு விளைச்சல் போயிற்று.

அகலமாக, உருண்டு, வளைந்து வளைந்து போகும் கரை பழையது. குறுகலாக, கூர்மையாக, நேராகப் போவது கடைசி இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் போட்டது. காட்டுக்கு நடுவே திடீரென ஒரு கரை குறுக்கிட்டால் அங்கே ஒரு காலத்தில் எல்லை இருந்திருக்கிறது என்று பொருள். காடு வெளியே வளர்ந்திருக்கலாம், அல்லது இரண்டு சொந்தக்காரர்கள் பங்கு பிரித்திருக்கலாம். கரைமேல் ஆளுயரத்துக்கு மேல் வெட்டி வெட்டித் தலை பருத்த மரங்கள் நிற்பதைப் பாருங்கள். அவை எல்லைக்கல்லுக்குப் பதில் நின்றவை.

படி 4: தூரைப் படியுங்கள்

இந்தக் காட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நிமிர்ந்து மரத்தைப் பார்க்காமல் குனிந்து அடியைப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் புதுக் கழிகள் பழைய கட்டையின் வெளிவிளிம்பில்தான் முளைக்கும். ஆகவே தூர் நூற்றாண்டு நூற்றாண்டாக வெளியே அகன்றுகொண்டே போகும், நடுப்பகுதி மக்கிவிடும். கடைசியில் நடுவே வெற்றிடமும் சுற்றிலும் வட்டமாக ஏழெட்டு தனி மரங்களும் நிற்பதுபோல் தெரியும். அது ஒரே மரம். ஐயமிருந்தால் ஏப்ரலில் பாருங்கள், ஒரே தூரின் கழிகள் ஒரே நாளில் துளிர்க்கும். பக்கத்துத் தூர் ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ இருக்கலாம்.

வெட்டாமல் விட்ட ஹேசல் எழுபது, எண்பது ஆண்டில் சாய்ந்துவிடும். வெட்டிக்கொண்டே இருந்தால் பல நூறு ஆண்டு நிற்கும். ஆஷ் மரத்துக்கு இயல்பான ஆயுள் 200 ஆண்டு அளவில். ஆனால் பிராட்ஃபீல்டில் உள்ள ஓர் ஆஷ் தூரின் குறுக்களவு 18 அடிக்கும் மேல். இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றை ஆவணத்தையும் மண்ணையும் சேர்த்து வாசித்துக் காட்டிய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கம் (1939–2015) அதன் வயதைக் குறைந்தது 1000 என்று மதிப்பிட்டார். நார்மானியர் வந்த 1066-ல் அது ஏற்கெனவே முளைத்திருக்கும். குளோஸ்டர்ஷையரின் வெஸ்ட்டன்பர்ட்டில் சிற்றிலை லைம் (எலுமிச்சையல்ல, லிண்டன்) மரத்தூர் ஒன்றை 2000 வயது என்கிறார்கள். அதையும் கடைசியாக 2012-ல் வெட்டினார்கள், மறுபடியும் துளிர்த்துக்கொண்டது.

தூர்களுக்கு இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக நெடிய ஓக் மரங்கள் நிற்கும். அவை ‘ஸ்டாண்டர்ட்’. கழிகள் வேலிக்கும் விறகுக்கும், ஓக் வீட்டு உத்தரத்துக்கும் கப்பலுக்கும் என்று ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல். எட்டாம் ஹென்றி காலத்தில், 1543-ல், வெட்டும்போது ஏக்கருக்கு 12 நெடுமரமாவது விட்டுவைக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஓக் மிகுந்தால் அதன் நிழலில் கீழே உள்ள தூர் நலியும், குறைந்தால் உத்தரத்துக்கு மரமில்லை. இந்தச் சமன் இன்றும் பராமரிப்பவர்களுக்குத் தலைவலிதான்.

படி 5: ஒவ்வொரு கூறையும் அதன் வயதோடு பாருங்கள்

காட்டை மொத்தமாக வெட்டுவதில்லை. கூறு கூறாகப் பிரித்து, ஆண்டுக்குச் சில கூறு என்று சுற்றில் வெட்டுவார்கள். வேலிப்படல் முடைய ஹேசல் ஏழு முதல் பத்து ஆண்டுச் சுற்று. விறகுக்கும் கருவிப்பிடிக்கும் ஆஷ் இருபது, இருபத்தைந்து ஆண்டுச் சுற்று. அதனால் ஒரே நடையில் இந்த ஆண்டு வெட்டியது, மூன்று வயது, எட்டு வயது, இருபது வயது எல்லாவற்றையும் கடந்து போகலாம். இதைத் தவறவிடாமல் ஒவ்வொன்றிலும் நின்று பாருங்கள்.

வெட்டிய முதல் ஆண்டில் போர்க்களம்போல் இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் கோபப்படுவதும் உண்டு. முதல் கோடையிலேயே ஆஷ் கழி ஆளுயரம் எழும்பிவிடும். இரண்டாம், மூன்றாம் வசந்தத்தில் தரையெல்லாம் பூ. வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்த வேர்களும், மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிய விதைகளும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். நாலைந்து ஆண்டில் கழிகள் நெருங்கிப் புதராகும். அதுதான் நைட்டிங்கேல் கூடு கட்டும் பருவம். ஏப்ரல் நடுவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஜூன் தொடக்கம்வரை பாடும். இரவில்தான் பாடும் என்பது பாதி உண்மை, பகலிலும் பாடும், மற்ற பறவைகளின் இரைச்சலில் நாம் கவனிப்பதில்லை. பத்தாண்டு தாண்டினால் மேலே கூரை மூடி, கீழே இருட்டு. இந்தப் பருவத்து ஹேசலில் கொட்டை காய்க்கும், டார்மவுஸ் என்ற பொன்னிற எலிக்கு அது உணவு. அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை தூங்கும் பிராணி, பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அது கடித்த ஹேசல் கொட்டையைத் தேடுங்கள். வழவழப்பான வட்டத் துளை இருந்தால் டார்மவுஸ், துளையின் உள்விளிம்பில் பல்வரிசை தெரிந்தால் வேறு எலி.

வெட்டை நிறுத்திவிட்டால் எல்லாக் கூறும் ஒரே வயதாகி, ஒரே இருட்டாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து நிலக்கரி மலிவானபோது இங்கிலாந்தின் பெரும்பாலான காப்பிஸ் காடுகளுக்கு அதுதான் நடந்தது. விறகுக்கு விலையில்லை, வெட்ட ஆளில்லை. பிராட்ஃபீல்ட் தப்பியதற்குக் காரணம் இயற்கைப் பற்று அல்ல, வியாபாரம். அருகிலுள்ள லிட்டில் வெல்னெத்தம் ஊரில் வைக்கோல் வாரி செய்யும் பட்டறை இருந்தது. வாரிக்கும் அரிவாளுக்கும் பிடி போட அதற்கு நேரான கழி தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

படி 6: பூக்களைச் சாட்சியாகக் கொள்ளுங்கள்

சில பூக்கள் புதுக் காட்டுக்கு எளிதில் போகாது. மெல்ல நகர்பவை. வெள்ளை நிற உட் அனிமோன் நூறாண்டில் ஆறடி பரவினால் பெரிது. அது ஒரு பெரிய விரிப்பாகக் கிடந்தால் அந்த மண்ணை வெகு காலமாக யாரும் உழவில்லை என்று கொள்ளலாம். ஹெர்ப் பாரிஸ், மஞ்சள் ஆர்க்கேஞ்சல், டாக்ஸ் மெர்க்குரி, புளூபெல் ஆகியவையும் இந்தச் சாட்சி வரிசையில் வரும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மூன்று நான்கு சேர்ந்திருந்தால் நம்பலாம்.

பிராட்ஃபீல்டின் தனிச்சொத்து ஆக்ஸ்லிப். இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷையர் சேரும் களிமண் பகுதியில்தான் இது உண்டு. வெளிறிய மஞ்சள் பூக்கள் ஒரே தண்டில் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து நிற்கும். பிரிம்ரோஸ் என்றால் தண்டுக்கு ஒரு பூதான். இந்த வேறுபாடு தெரிந்தாலே போதும்.

புளூபெல்லிலும் கலப்பு உண்டு. உள்நாட்டுப் பூ கருநீலம், ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், நல்ல மணம், மகரந்தப்பை வெண்மஞ்சள். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிய வகை நிமிர்ந்து நிற்கும், மணம் குறைவு. பாதையை விட்டு விலகி மிதித்தால் இலை நசுங்கி அடுத்த ஆண்டுகளில் பூக்காது. கிழங்கைத் தோண்டுவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டாக்ஸ் மெர்க்குரி நஞ்சு. கீரை என்று எதையும் பறிக்க வேண்டாம், காட்டுப் பூண்டு உட்பட.

படி 7: நோயையும் மானையும் பாருங்கள்

அழகை மட்டும் காட்டினால் பாதிக்கதைதான். ஆஷ் மரங்களை உச்சியிலிருந்து காயவைக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012-ல் உறுதியானது. ஆஷ் தூர்களில் பட்டுப்போன மெல்லிய கொம்புகளையும், பட்டையில் வைரவடிவ வடுவையும் பார்த்தால் அதுதான். ஆயிரம் ஆண்டுத் தூருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

மான் விஷயத்தில் வருபவர்கள் பலர் இளகிவிடுகிறார்கள், எனக்கு அந்த இளக்கம் இல்லை. ரோ, ஃபாலோ வகைகளோடு, சீனாவிலிருந்து கொண்டுவந்து வோபர்ன் பூங்காவில் விட்டு அங்கிருந்து பரவிய மன்ட்ஜாக் என்ற குட்டை மானும் சேர்ந்து இளந்துளிரையும் ஆக்ஸ்லிப் பூவையும் மேய்ந்துவிடும். புதுக் கூறைச் சுற்றி உயர வேலியையோ, சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய உலர்வேலியையோ பார்த்தால் அது இதற்காகத்தான்.

படி 8: வெட்டும் வேலையில் ஒருநாள்

குளிர்காலத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வெட்டும் வழக்கம் இத்தகைய காடுகளில் பரவலாக உண்டு. முன்பதிவு செய்து போங்கள். வேலை அக்டோபரில் தொடங்கி, பறவை கூடு கட்டுமுன் மார்ச்சில் முடியும். முதலில் தூரைச் சுற்றிய முட்கொடியைக் களைய வேண்டும். பிறகு வெளிப்பக்கக் கழியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். எல்லோரும் நடுவிலிருந்து தொடங்கித்தான் சிக்கிக்கொள்கிறார்கள். தரைக்கு மிக நெருக்கமாக, மழைநீர் வடிந்தோடும்படி வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். உயரத்தில் வெட்டினால் புதுக்கழி காற்றில் பிய்ந்துவிடும்.

வெட்டியதை அப்போதே பிரிக்க வேண்டும், குவித்துவிட்டு மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. நேரான கழி வேலிக்கும் படலுக்கும், அவரைக்கொடிக்கு ஊன்ற எட்டடிக் கம்பு தனி, பட்டாணிக்கு விசிறிபோல் கிளைத்த சுள்ளி தனி, தடித்தது விறகுக்கு. மிச்சச் சுள்ளியைத் தூரின்மேலேயே போர்த்தினால் மான் வாய் வைக்காது. பழைய கருவி மூக்கு வளைந்த அரிவாள், ஊருக்கு ஒரு வடிவம் இருந்தது. இன்று பெரும்பகுதி சங்கிலி ரம்பம். ஆனால் புதியவர்கள் கையில் வில்ரம்பம்தான் கொடுப்பார்கள், அதுவே நல்லது.

படி 9: காட்டைச் சுற்றிய நாட்டுப்புறம்

காட்டைச் சுற்றிக் கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் விளையும் வயல்கள். பெரி நகரில் சர்க்கரை ஆலை இருப்பதால் கிழங்குக்குக் குறைவில்லை. ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை பொது நடைபாதைகள். தனியார் வயலுக்கு நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடருங்கள், கதவைக் கண்டபடியே விடுங்கள். ஊர்ச்சாலைகள் குறுகலானவை, நடைமேடை கிடையாது. வண்டி வரும் திசையை நோக்கி வலப்பக்கம் நடக்க வேண்டும்.

வயலோர வேலிமரங்களையும் படிக்கலாம். 30 கஜ நீளத்தில் எத்தனை வகை மரம், புதர் என்று எண்ணுங்கள், ஒரு வகைக்கு ஒரு நூற்றாண்டு. சூழலியல் அறிஞர் மேக்ஸ் ஹூப்பர் சொன்ன இந்தக் கணக்கு தோராயமானதுதான், பல இடங்களில் பொய்க்கவும் செய்யும். அதைவிட நம்பகமானது வேலியடியில் டாக்ஸ் மெர்க்குரியும் புளூபெல்லும் ஹேசலும் சேர்ந்து கிடப்பது. அங்கே ஒரு காடு இருந்து, அழிந்து, விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

மேற்கே பிராட்ஃபீல்ட் கம்பஸ்ட் என்ற ஊர். 1327-ல் பெரி மடத்துக்கு எதிராக மக்கள் கிளர்ந்தபோது மடத்துக்குச் சொந்தமான இவ்வூர் மாளிகையைக் கொளுத்தினார்கள், பெயரில் உள்ள ‘கம்பஸ்ட்’ (எரிந்த) அதைக் குறிப்பதாகச் சொல்வார்கள். நிலத்தை நவீன முறையில் உழச் சொல்லி வாழ்நாளெல்லாம் எழுதிய ஆர்தர் யங் (1741–1820) இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

நேரமிருந்தால் தெற்கே லாவனம் ஊருக்குப் போங்கள். கம்பளி வியாபாரத்தில் பணம் கொழித்த ஊர், 1530-ஐ ஒட்டிக் கட்டிய கில்ட் (பழைய காலச் சங்கம்) மண்டபமும் சாய்ந்த மரவீடுகளும் தெருவெல்லாம் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் ஓக் சட்டங்களைப் படமெடுப்பார்கள். நீங்கள் சட்டங்களுக்கு நடுவே உள்ள சுவரைக் கவனியுங்கள். பூச்சு உதிர்ந்தோ, பார்வைக்கென்று திறந்தோ வைத்த இடம் கிடைத்தால் உள்ளே கழிகளை வரிந்து கட்டி மண் பூசியிருப்பது தெரியும். கழி விரல் தடிமனுக்குச் சற்றே கூடுதலாக, கணு இல்லாமல் நேராக இருந்தால், காப்பிஸ் காட்டிலிருந்து சில ஆண்டு வயதில் வெட்டி வந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.